பெண்ணிய ஆய்வுக்கும் கருத்தரங்குக்கும் வரிப்பணம் எதற்கு?

#1 கரிசல்காட்டான்

கோவில்பட்டியில் சின்னதாக ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் வந்தால் கல்லூரிகளில் இருந்து ஆர்டர் குவியும். மகளிர் தினத்தை ஒட்டி ‘பன்னாட்டுக் கருத்தரங்கு’, தலைப்பில் எப்படியும் ‘பாலினம்’, ‘அதிகாரமளித்தல்’ இரண்டும் இருக்கும். அழைப்பிதழ், ஃபிளெக்ஸ், கட்டுரைத் தொகுப்பு, சான்றிதழ் எல்லாம் நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரியும்.

இந்த வருஷம் ஒரு தொகுப்பில் இரண்டு கட்டுரைகளில் முதல் நான்கு பத்தி அப்படியே ஒன்று. ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “இருக்கட்டும் சார், எட்டாம் தேதிக்குள் புத்தகம் வேண்டும்” என்றார். கட்டுரைகளை விடச் சான்றிதழ் பல மடங்கு அதிகம். அழைப்பிதழின் கீழே அரசு நிதியுதவி என்று ஒரு வரி.

நான் பெண்களுக்கு எதிரானவன் இல்லை. இரண்டு மகள்கள், இருவரும் படிக்கிறார்கள். கேள்வி வேறு. முடிவை முன்னாலேயே வைத்துக்கொண்டு நடக்கும் ஆய்வுக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும்? அமெரிக்காவில் ‘பெண்ணியப் பனிப்பாறையியல்’ என்று ஒரு கட்டுரைக்கு நான்கு லட்சம் டாலர் கொடுத்தார்களாம். நார்வேயில் பாலின ஆய்வைக் கேள்வி கேட்ட ஒரு டிவி தொடர் வந்ததும் பாலின ஆய்வு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். நாம் மட்டும் ஏன் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 இடிச்சபுளி

அண்ணே, அந்தக் கல்லூரி பில்லுக்குப் பணம் கொடுத்ததா, இல்லையா? அதைப் பொறுத்துத்தான் இழை எந்தப் பக்கம் போகும் என்று முடிவு பண்ண முடியும்.

#3 தாமிரபரணி

நான் மகளிரியலில் பிஎச்.டி. செய்கிறேன். கருத்தரங்கு பற்றி நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. அதை வைத்து ஆய்வையே வேண்டாம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

ஒரு உதாரணத்தை முழுசாகச் சொல்கிறேன். 1970களின் நடுவில் தேவகி ஜெயினும் மாலினி சந்தும் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களில் ஒரு வேலை செய்தார்கள். யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்துக் குறித்தார்கள். சென்சஸ் கணக்கில் ‘வேலை செய்யாதவர்’ என்று இருந்த பெண்கள் மாடு மேய்க்கிறார்கள், தானியம் புடைக்கிறார்கள், விறகு பொறுக்குகிறார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனிக் குறியீடே உண்டு: 92, 93. வீட்டுவேலை மட்டும் என்றால் 92. வீட்டுவேலையோடு விறகு, தண்ணீர், தீவனம் கொண்டுவருவது, துணி தைப்பது என்றால் 93. இரண்டுமே உழைப்பாளர் எண்ணிக்கைக்கு வெளியே. அதாவது கணக்கெடுப்பவர் அந்த வேலையைப் பார்க்கிறார், எழுதுகிறார், பிறகு கூட்டலில் விட்டுவிடுகிறார்.

இதைப் பிடித்துக்கொண்டு பதினைந்து வருஷம் வாதாடியவர்கள் இந்தத் துறைக்காரர்கள்தான். 1991 சென்சஸில் கேள்வியே மாறியது. வயலிலும் குடும்பத் தொழிலிலும் கூலி இல்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று படிவத்திலேயே சேர்த்தார்கள். 1998-99இல் ஆறு மாநிலங்களில் 18,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் நேரப் பயன்பாட்டுச் சோதனைக் கணக்கெடுப்பு நடந்தது. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று. தொழில்நுட்பக் குழுவின் தலைவர் பொருளாதார அறிஞர் இந்திரா ஹிர்வே. அதற்கும் பிறகு இருபது வருஷம் கழித்து, 2019இல்தான் நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு. வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு நாளில் 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த 97 எல்லா ஆண்களின் சராசரி இல்லை, அன்றைக்கு ஏதாவது வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்களே 26 சதவீதம்தான். 2024 கணக்கெடுப்பில் 289, 88.

உங்களுக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்றது. பெண்ணின் வீட்டு உழைப்புக்கு மதிப்பு உண்டு என்ற வாதத்தை அரசே எடுத்துப் பேசியது. திட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். அந்த வாதத்துக்குக் கீழே இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் நோட்டும் கையுமாகக் கிராமத்தில் உட்கார்ந்ததில் இருந்து.

#4 கரிசல்காட்டான்

விளக்கத்துக்கு நன்றி தங்கச்சி. ஆனால் நீங்கள் சொன்னது புள்ளியியல். அதைப் பொருளாதாரத் துறையும் புள்ளியியல் துறையும் செய்யட்டும். தனியாக ஒரு துறை, தனியாக ஒரு மையம், அதற்கென்று ஒரு கொள்கை எதற்கு?

@இடிச்சபுளி: பாதி வந்தது. மீதி ‘ஃபண்ட் வந்ததும்’.

#5 ஆய்வகஎலி

நான் வேதியியல்காரன், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். முதல் பதிவில் உள்ள இரண்டு வெளிநாட்டுக் கதைகளைச் சரிபார்த்துவிடலாம்.

பனிப்பாறைக் கட்டுரை உண்மை. 2016இல் ஒரேகான் பல்கலைக்கழகத்தின் மார்க் கேரியும் சிலரும் எழுதியது. நான்கு லட்சத்துச் சொச்சம் டாலரும் உண்மை. ஆனால் அது அந்த ஒரு கட்டுரைக்கான விலை இல்லை. பனிப்பாறையும் மனித சமூகமும் பற்றிய பல வருஷத் திட்டத்துக்கான மானியம், அதில் வந்த வெளியீடுகளில் இது ஒன்று. கட்டுரையை நானும் வாசித்தேன். நடை எனக்குப் பிடிக்கவில்லை, தேவையில்லாத கலைச்சொல் அதிகம். மலைக் கிராமங்களில் பனிப்பாறையை அறிந்தவர்கள் யார், அவர்கள் அறிவு ஏன் ஆவணத்தில் ஏறவில்லை என்ற கேள்வி மட்டும் நியாயமானது.

நார்வே கதை இணையத்தில் திரிந்து திரிந்து உருமாறியது. ஹரால் எய்யாவின் தொலைக்காட்சித் தொடர் 2010இல் வந்தது, பெரிய விவாதமும் நடந்தது. ஆனால் ‘மூடப்பட்ட’ நிறுவனம் நார்வே அரசுடையதே இல்லை. வட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் நார்டிக் அமைச்சர்கள் மன்றத்தின் நிறுவனம், ஆஸ்லோவில் இருந்தது. அதன் வேலை பிறகு ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது, நிக் (NIKK) என்ற அதே சுருக்கப் பெயரில் இன்றும் நடக்கிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பாலின ஆய்வு மையமும் தொடர்கிறது. நிஜமாகவே மூடிய நாடு வேண்டுமானால் ஹங்கேரி. 2018 அக்டோபரில் ஓர்பன் அரசு ஒரு ஆணையில் பாலின ஆய்வு முதுகலைப் பட்டத்தை அங்கீகாரப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது.

உங்கள் பக்கத்துக்கு வலுவான சான்று வேறு ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைச் சொல்லவில்லை. 2018இல் லிண்ட்சே, புளக்ரோஸ், பொகோசியன் என்ற மூவர் இருபது போலிக் கட்டுரைகளை எழுதிப் பாலின ஆய்வு மாதிரித் துறைகளின் இதழ்களுக்கு அனுப்பினார்கள். வெளியே தெரிவதற்குள் ஏழு ஏற்கப்பட்டுவிட்டன. நாய்ப் பூங்காவில் நாய்களின் நடத்தையை வைத்து எழுதிய ஒன்று நல்ல பெயருள்ள பெண்ணியப் புவியியல் இதழிலேயே வந்தது. அந்த இதழ்களின் மதிப்பீட்டு முறையில் ஓட்டை இருந்தது என்பதை மறுக்கவே முடியாது. ஆனால் இதற்கும் அரசு மானியத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. என் துறையிலும் கத்தை கத்தையாகக் கட்டுரைகளைத் திரும்பப் பெறுகிறார்கள். அதற்காக வேதியியலுக்குப் பணம் கொடுக்காதே என்று யாரும் சொல்வதில்லை.

அரசியல்வாதிகள் வெட்ட உட்கார்ந்தால் எப்படி வெட்டுவார்கள் என்பதையும் இங்கே பார்த்தாயிற்று. 2024இல் செனட்டர் டெட் குரூஸின் குழு, ஆய்வுக்கு அரசுப் பணம் கொடுக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்ததில் 3,400க்கும் மேற்பட்ட மானியங்களைக் கொள்கைப் பிரசாரம் என்று பட்டியலிட்டது. சொல்லைத் தேடிப் பிடித்த பட்டியல். புதினாச் செடி பற்றிய ஒரு ஆய்வு அதில் மாட்டியது, விவரத்தில் ‘பெண்’ என்ற சொல்லும் ‘பல்வகை’ போன்ற சொல்லும் இருந்ததால். பத்திரிகையாளர்கள் தோண்டியபோதுதான் இது வெளியே வந்தது.

#6 ஓய்வுக்கணக்கர்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாநிலப் பல்கலைக்கழக நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். கொள்கை பற்றி எனக்குக் கருத்து இல்லை, பணம் எப்படி வருகிறது, எப்படி நிற்கிறது என்று சொல்ல முடியும். இந்த விவாதத்தில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

1986 தேசியக் கல்விக் கொள்கையில் ‘பெண் சமத்துவத்துக்கான கல்வி’ என்று ஒரு பகுதி உண்டு. மகளிரியல் ஆய்வை ஊக்குவிக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அதை வைத்து யுஜிசி பல்கலைக்கழகங்களில் மையங்கள் திறந்தது. முதலில் விரல்விட்டு எண்ணலாம், பிறகு பெருகி 2017 வாக்கில் 160க்கும் மேல். அரசே கேட்டு அரசே திறந்தவை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாம் ‘பிளான்’ கணக்கில். ஐந்தாண்டுத் திட்டம் இருக்கும் வரை யுஜிசி சம்பளம் தரும், அதற்குப் பிறகு மாநில அரசோ பல்கலைக்கழகமோ அந்தப் பணியிடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு உறுதிமொழிக் கடிதம் வைப்போம், பதிவாளர் கையெழுத்துப் போடுவார். திட்டக் காலம் முடிந்ததும் கோப்பு தலைமைச் செயலகம் போகும். அங்கே நிதித்துறை ‘கூடுதல் நிதிச்சுமை’ என்று இரண்டு சொல் எழுதித் திருப்பும். உடனே என்ன செய்வோம்? அந்த ஆசிரியரைத் தொகுப்பூதியத்தில் வைப்போம். ஆறு மாதத்துக்கு ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி ஆணை போடுவோம். நானே போட்டிருக்கிறேன்.

2017 மார்ச் 31இல் பன்னிரண்டாம் திட்டம் முடிந்தது. பதிமூன்றாம் திட்டம் கிடையாது, திட்டக் கமிஷனே 2015இல் போய்விட்டது. அந்த வருஷ பட்ஜெட்டில் பிளான், நான்-பிளான் பிரிவையும் எடுத்துவிட்டார்கள். இந்த மையங்கள் எந்தத் தலைப்பில் நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. சில மாத நீட்டிப்பு, மறுபடி சில மாத நீட்டிப்பு என்று கடிதம் வந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் எவர் ஐந்து வருஷக் கள ஆய்வைத் தொடங்குவார்?

அப்புறம் மார்ச் மாதக் கருத்தரங்கு ரகசியம். ஒரு மையத்துக்குப் போகும் பணம் லட்சக் கணக்குதான். அதில் ஒரு தவணை ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வந்து சேரும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பாவிட்டால் அடுத்த தவணை நிற்கும், செலவாகாததைத் திருப்பிக் கேட்பார்கள். ஆறு வாரத்தில் நாலு லட்சம் ரூபாய்க்குக் கள ஆய்வு செய்ய முடியாது. கருத்தரங்கு நடத்த முடியும். சாப்பாடு, பயணப்படி, பொன்னாடை, அச்சுக்கூலி. ரசீது சுத்தமாக இருக்கும், தணிக்கையில் ஆட்சேபணை வராது. கரிசல்காட்டாரிடம் வந்த ஆர்டர் பெரும்பாலும் அப்படிப் பிறந்ததாகத்தான் இருக்கும். இது மகளிரியலுக்கு மட்டும் இல்லை. தாவரவியல், வணிகவியல், தமிழ், எல்லாத் துறைக்கும் மார்ச்சில் இதே பாடுதான்.

#7 இடிச்சபுளி

அப்படியானால் பெண்கள் தினம் மார்ச் எட்டில் வருவதற்குக் காரணம் நிதியாண்டா?

#8 மலைக்கோட்டை

திருச்சிப் பக்கம் அரசு உதவிபெறும் கல்லூரியில் ஆசிரியர். ஓய்வுக்கணக்கர் சார் பணப் பக்கத்தைச் சொன்னார், புள்ளிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

2010இல் யுஜிசி ஏபிஐ என்று ஆசிரியர்களின் வேலைக்குப் புள்ளி போடும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் இத்தனை புள்ளி, தேசியம் என்றால் இத்தனை, ஐஎஸ்பிஎன் உள்ள புத்தகத்தில் அத்தியாயம் என்றால் இத்தனை. பதவி உயர்வு இதில் தொங்கியது. அன்றிலிருந்து ஊருக்கு ஊர் பன்னாட்டுக் கருத்தரங்கு. மலேசியாவில் இருந்து ஒரு பேராசிரியர் வீடியோவில் பதினைந்து நிமிஷம் வாழ்த்துச் சொன்னால் போதும், பன்னாடு ஆகிவிடும். இதழ்களும் அப்படியே. 2018 மே மாதத்தில் யுஜிசி தன்னுடைய அங்கீகாரப் பட்டியலில் இருந்தே 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. எல்லாத் துறை இதழ்களும்தான். புள்ளி விதிகளை 2018இல் மாற்றினார்கள், பழக்கம் மாறவில்லை. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழு வரும்போது எத்தனை கருத்தரங்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும்.

இன்னொன்று. எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்த மகளிரியல் மையங்கள் பலவற்றில் பெண்ணியமே கிடையாது. காளான் வளர்ப்பு, அழகுக்கலை, ஊறுகாய், சுய உதவிக் குழுவுக்கு வங்கிக் கடன் வழிகாட்டல். யுஜிசி விதிப்படி ‘விரிவாக்கப் பணி’ செய்தாக வேண்டும், செய்கிறார்கள். தவறில்லை, ஆனால் அதை வேளாண் அறிவியல் நிலையம் இன்னும் நன்றாகவே செய்யும். ஆணவக் கொலை பற்றியோ, கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி இளம்பெண்களை மில் விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் பற்றியோ ஒரு கேள்விப் பட்டியலோடு வெளியே போகட்டும் பார்ப்போம். முதல் தொலைபேசி நிர்வாகத்திடம் இருந்து வரும். வரிப்பணத்தில் புரட்சி நடக்கிறது என்று கரிசல்காட்டார் பயப்பட வேண்டாம். நடப்பதெல்லாம் காளான்.

#9 கரிசல்காட்டான்

ஓய்வுக்கணக்கர் அய்யா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். எங்களுக்கு ஏன் ஏப்ரலில் ஆர்டரே வருவதில்லை என்று இப்போது புரிகிறது.

ஆனால் என் முக்கியக் கேள்வி அப்படியே நிற்கிறது. பெண் ஒடுக்கப்படுகிறாள் என்ற முடிவோடு போனால், கிடைப்பதும் அதுவாகத்தானே இருக்கும்? என் அச்சகத்துக்கு வந்த அத்தனை கட்டுரைகளிலும் ஒன்றாவது ‘நாங்கள் நினைத்தது தவறு, நிலைமை வேறு’ என்று முடிந்து நான் பார்த்ததில்லை. அது ஆய்வு இல்லை, துண்டறிக்கை. துண்டறிக்கைக்கு இயக்கம் பணம் கொடுக்கட்டும். அகில இந்திய அளவில் மகளிரியல் சங்கம் இருக்கிறதாமே, சந்தா போட்டு நடத்திக்கொள்ளட்டும்.

#10 தாமிரபரணி

சங்கம் 1982இல் தொடங்கியது, உறுப்பினர் சந்தா உண்டு. மாநாட்டுக்கு மாணவர்களும் சிறு ஊர்களில் இருந்து செயல்பாட்டாளர்களும் வருவதால் சந்தா மட்டும் போதாது, மானியமும் வாங்குகிறார்கள். 2017 ஜனவரியில் சென்னையில் நடந்தபோது நானும் போனேன், அப்போது எம்.ஏ. மாணவி. என்னைப் போல முதல் தலைமுறையில் படிக்க வந்தவளுக்குக் கட்டணம் பெரிதாக இருந்திருந்தால் வாசலோடு சரி. அங்கே ஒரு அமர்வில் பீடி சுற்றும் பெண்களின் சங்கத்துக்காரர் ஒருவர், ஒரு பேராசிரியரின் கூலிக் கணக்கு தப்பு என்று நேருக்கு நேர் சொல்லி, கையிலிருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். பேராசிரியர் எழுதிக்கொண்டார். கருத்தரங்கு என்றால் அது.

‘முன்முடிவு’ பற்றி. உங்கள் கேள்விக்கு நேர் எதிரான சான்று இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1971இல் இந்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு போட்டது. தலைவர் புல்ரேணு குஹா, பின்னால் உறுப்பினர் செயலராக வந்தவர் வீணா மஜும்தார். அதில் இருந்தவர்கள் படித்த, வசதியான, சுதந்திர இந்தியாவில் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று நம்பிய தலைமுறை. 1974 டிசம்பர் அறிக்கை அதற்கு மாறாக வந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972 பெண்கள், 1971இல் 930. தொழிலிலும் பெண்கள் பங்கு சரிந்திருந்தது. எதிர்பார்த்தது வேறு, கண்டது வேறு என்று மஜும்தார் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். அந்த அதிர்ச்சியில்தான் ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றம்) இதற்கென்று ஆய்வுத் திட்டம் வைத்தது. அப்போது அதன் உறுப்பினர் செயலர் ஜே.பி. நாயக், ஆண்தான்.

ஏன் தனித்துறை என்று கேட்டீர்கள். பொருளாதாரத் துறைகள் 1947க்கு முன்பிருந்தே இருந்தன. 93 என்ற குறியீட்டை யாரும் கேள்வி கேட்கவில்லையே?

#11 தென்றல்வீதி

ஒரு வழக்கறிஞராக ஒன்றைச் சேர்க்கிறேன், இந்த இழையில் ‘மானியம்’ என்று மட்டுமே பேசுவதால்.

மகாராஷ்டிராவில் ஒரு ஆதிவாசிச் சிறுமி 1972இல் காவல் நிலையத்திலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானாள். மதுரா வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் 1978இல் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, எதிர்ப்புக் காட்டவில்லை என்று காரணம். 1979 செப்டம்பரில் நான்கு சட்டப் பேராசிரியர்கள், உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சம்மதம் வேறு, பணிந்துபோவது வேறு என்று தீர்ப்பை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார்கள். நாடெங்கும் போராட்டம். 1983இல் சட்டம் மாறியது. காவலில் இருக்கும் பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும் என்ற 114ஏ பிரிவு அப்போது வந்ததுதான். இன்றைக்கும் நான் நீதிமன்றத்தில் பயன்படுத்தும் விதி, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது.

அந்தக் கடிதத்துக்கு எந்த மானியமும் இல்லை, கருத்தரங்கும் இல்லை. ஆனால் எழுதியவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்கள், நாளைக்கு வேலை போய்விடும் என்ற பயம் இல்லாதவர்கள். இப்போது ஓய்வுக்கணக்கர் சொன்ன ஆறு மாத ஆணைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதுவாரா? பதிவாளருக்கே எழுத மாட்டார். பொதுப்பணத்தை எதில் போட வேண்டும் என்று கேட்டால் நான் நிரந்தரப் பணியிடத்தைச் சொல்வேன். ஒரு மாவட்டத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு பத்தை நிறுத்தினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

#12 வன்னிமகள்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அரசு காசு கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் எங்கட பக்கத்தை ஒருக்கால் பார்க்கலாம்.

கொழும்பில் சென்வோர் என்ற பெண்கள் ஆய்வு மையம் 1984இல் இருந்து இயங்குகிறது, நல்ல வேலை செய்திருக்கிறார்கள், ஆனால் அது அரசு நிறுவனம் இல்லை. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் பெண்கள் பற்றி நடந்த ஆய்வில் பெரும்பகுதி வெளிநாட்டு நிதியில் நடந்தது. பெண் தலைமைக் குடும்பங்கள் என்று ஒரு காலம் எல்லாரும் வந்து கேட்டார்கள். ஒரே பெண்ணிடம் மூன்று நிறுவனம் மூன்று படிவம் நிரப்பியது. பிறகு நிதி வேறு தலைப்புக்குப் போனது, ஆட்களும் போனார்கள். அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அந்தப் பெண்கள் ஒன்றையும் வாசித்ததில்லை. கணவன்மார் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குக் காணி உறுதியை மாற்றுவதில் இருக்கிற சிக்கலைப் பற்றி எனக்குத் தெரிந்து உருப்படியாக எழுதியவர்கள், சொந்தக் காசில் பஸ் ஏறிப் போன இரண்டு மூன்று பேர்தான்.

உங்கள் வரிப்பணத்தில் நடக்கிற ஆய்வை நீங்கள் இப்படி உட்கார்ந்து கேள்வி கேட்கிறீர்கள். ஒஸ்லோவில் இருந்து வந்த காசில் நடந்ததை நான் யாரிடம் கேட்பது?

#13 மலைக்கோட்டை

வன்னிமகள் அக்கா சொன்னது இந்தியாவுக்கும் பொருந்தும். இங்கே வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) வந்த 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர முடியாது. டெல்லிப் பெரிய நிறுவனம் வாங்கி மதுரைச் சின்ன அமைப்புக்குக் கொடுக்கும் வழி அடைந்துவிட்டது. அந்தக் கதவும் சாத்தி, இந்தக் கதவும் சாத்தினால் மீதி என்ன, கார்ப்பரேட் சமூகப் பொறுப்பு நிதியா? அவர்கள் நாப்கின் கொடுப்பார்கள், மில் விடுதியைப் பற்றி எழுதக் கொடுக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்றும் இருக்கிறது. பெண் சிசுக்கொலை 1980களில் உசிலம்பட்டிச் செய்தியாக மட்டும் இருந்தது. ஷீலா ராணி சுங்கத்தும் வி.பி. ஆத்ரேயாவும் 1997இல் எழுதிய கட்டுரைதான் அதை மாவட்ட வாரியாகக் காட்டியது. அவர்கள் எடுத்தது ஆரம்ப சுகாதார நிலையங்களின் இறப்புப் பதிவேடு, அரசு அலுவலக அலமாரியில் இருந்த நோட்டு. மதுரை மட்டும் இல்லை, தருமபுரி, சேலம் வரை ஒரு பட்டையாகத் தெரிந்தது. ஒருவர் ஐஏஎஸ் அதிகாரி, ஒருவர் பொருளாதாரப் பேராசிரியர். தருமபுரியில் சிசுக்கொலைக்கு எதிராக ஊர் ஊராகக் கலைப்பயணம் நடந்தது அதற்கு அடுத்துத்தான். இதைப் பெண்ணிய ஆய்வு என்பீர்களா, புள்ளியியல் என்பீர்களா, எனக்குக் கவலை இல்லை. பதிவேட்டைத் திறந்து பார்க்கத் தோன்ற வேண்டும், அதுதான் விஷயம்.

#14 (நீக்கப்பட்டது)

*நெறியாளர்: எதிர்க்கருத்துக்கு இங்கே தடை இல்லை, மூன்று பக்கமாக அதுதான் நடக்கிறது. சக உறுப்பினரின் திருமணத்தைப் பற்றி எழுதுவது எதிர்க்கருத்து இல்லை. ஒரு வாரம் தடை.*

#15 கரிசல்காட்டான்

நீக்கிய பதிவை நான் பார்த்தேன். அந்த ஆள் என் பக்கம் பேசினாராம். அப்படி ஒரு துணை எனக்கு வேண்டாம்.

நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. தாமிரபரணி சொன்ன ஆய்வுகள் எல்லாம் எண்ணும் ஆய்வுகள். என் அச்சகத்துக்கு வருவது அந்த வகை இல்லை. நாவலில் பெண் பாத்திரம், விளம்பரத்தில் பெண் உடல் என்று நூற்றுக்கணக்கில் வருகிறதே, அதற்கும் அரசுதான் கொடுக்க வேண்டுமா? சங்க இலக்கியத்தில் பூக்கள் என்றும் வருகிறது, அதையும் கேட்கிறேன், விடுங்கள்.

ஆனால் சண்டை போடுவதற்கு முன் கணக்கு வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு மையத்துக்குக் கடந்த பத்து வருஷத்தில் எவ்வளவு வந்தது, எதில் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன். எப்படிக் கேட்டால் ஒழுங்காகப் பதில் வரும்?

#16 ஓய்வுக்கணக்கர்

இப்படிக் கேட்டீர்களே, மகிழ்ச்சி. யுஜிசிக்குப் போடாதீர்கள், சுற்றிவிடுவார்கள். பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கே போடுங்கள். ‘எவ்வளவு செலவு, ஏன்’ என்று எழுதினால் ‘ஏன்’ தகவல் ஆகாது என்று திருப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: வருஷ வாரியாக மகளிரியல் மையத்தின் பயன்பாட்டுச் சான்றிதழ் நகல், தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கை நகல். அதில் சம்பளம், நூல்கள், களப்பணி, கருத்தரங்கு, தற்செயல் செலவு என்று வகையினம் பிரிந்தே இருக்கும். தவணை வந்த தேதியையும் கேளுங்கள், அதுதான் முக்கியம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், முப்பது நாள் அவகாசம்.

#17 தாமிரபரணி

அண்ணே, இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் நிரந்தரமாக நிரப்பியது எத்தனை. அந்த மையத்தில் இருந்து எத்தனை பேர் பிஎச்.டி. முடித்தார்கள், ஆய்வேட்டுத் தலைப்புகள் என்ன. தலைப்புப் பட்டியல் வந்ததும் இங்கேயே போடுங்கள். நாவலில் பெண் பாத்திரம் எத்தனை, களத்துக்குப் போனது எத்தனை என்று நாம் சேர்ந்தே எண்ணலாம்.

#18 கரிசல்காட்டான்

சேர்த்தாயிற்று. நாளைக்கு அனுப்புகிறேன். பதில் வந்தால் இதே இழையில்.

#19 இடிச்சபுளி

அப்படியே உங்கள் மீதி பில் எந்த வகையினத்தில் நிற்கிறது என்றும் ஒரு கேள்வி போடுங்கள் அண்ணே.